டுவாமிஷ் கரை மக்களுக்கு சியாட்டில் துறைமுகம் கொடுத்த வாக்கு குத்தகைப் பத்திரத்தில் ஏறுமா?

துறைவன்:
அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் சியாட்டில் துறைமுகம் 1911-ல் மக்கள் ஓட்டுப் போட்டு உருவாக்கிய பொது அமைப்பு. அதன் ஐந்து ஆணையர்களும் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள். சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டி என்ற மாவட்டத்தில் சொத்து வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதற்கு வரி கட்டுகிறார்கள். ஆகவே கப்பலும் கன்டெய்னரும் மட்டும்தான் எங்கள் வேலை என்று அது ஒதுங்கிக்கொள்ள முடியாது.

2019-ல் ஆணையம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. டுவாமிஷ் ஆற்றங்கரையில் இருக்கும் சவுத் பார்க், ஜார்ஜ்டவுன் மக்களுக்கான உறுதிமொழி அது. முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு, சுத்தமான சூழல், இடத்தை விட்டுப் போகாமலேயே பிழைப்பு என்று மூன்று இலக்குகள். மக்கள் பிரதிநிதிகள் உட்காரும் ஆலோசனைக் குழுவும் அமைத்தார்கள். அது தேவைப்பட்டதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆற்றின் கீழ்ப்பகுதி 5 மைல் நீளத்துக்கு 2001-லிருந்து சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது சுத்தம் செய்தாக வேண்டிய நச்சு இடங்களின் மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிறது. 98108 என்ற அஞ்சல் குறியீட்டுப் பகுதியை வைத்து 2013-ல் வந்த உடல்நலத் தாக்க ஆய்வின்படி, இங்கே சராசரி ஆயுள் நகரச் சராசரியைவிட 8 வருடம் வரை குறைவு. வசதியான லாரல்ஹர்ஸ்ட்டோடு ஒப்பிட்டால் 13 வருடம்.

என் வாதம் சுருக்கமானது. தீர்மானம் துறைமுக ஊழியர்களைக் கட்டுப்படுத்தும், புகை விடுகிறவரைக் கட்டுப்படுத்தாது. சரக்கு ஏற்றி இறக்கும் முனையங்களை நடத்துவது குத்தகைதாரர்கள். அவர்கள் கையெழுத்திட்ட பத்திரத்தில் ஏறாத வாக்கு, வாக்காகவே நின்றுவிடும்.

நீரோட்டம்:
துறைவன், பாதியை விட்டுவிட்டீர்கள். 117-ஆம் முனையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சவுத் பார்க் வீடுகளை ஒட்டிய பழைய தார் ஆலை நிலம் அது. மின்வாரியத்தின் கழிவு எண்ணெயை எரிபொருளாகப் பயன்படுத்தியதில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் மண்ணில் இறங்கிவிட்டது. தொழிற்சாலை நிலத்துக்கான அளவோடு சுத்தத்தை நிறுத்தலாம் என்றுதான் முதலில் திட்டம். அக்கம்பக்கத்தார் விடவில்லை, குடியிருப்புக்கு உரிய அளவு வரை தோண்ட வேண்டியதாயிற்று. இன்று அங்கே 14 ஏக்கரில் பூங்காவும் மீன்குஞ்சுகள் தங்கும் சதுப்புக் கரையும் இருக்கின்றன. 2022-ல் திறந்தார்கள். பெயரைக்கூட மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். காகிதத்தில் எழுதியது தரைக்கு வராது என்றால் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

இன்னொன்று. துறைமுகம் நினைத்தபடி பணம் கொடுக்க முடியாது. வாஷிங்டன் மாநில அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு, 7-ஆம் உட்பிரிவு பொதுப்பணத்தை அன்பளிப்பாகக் கொடுப்பதைத் தடுக்கிறது. வறியவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்குமான உதவி மட்டும் விதிவிலக்கு. ஒரு குடியிருப்புச் சங்கத்துக்குப் பணம் போக வேண்டுமானால், பதிலுக்கு அவர்கள் செய்யும் வேலை என்ன, எத்தனை மணி நேரம், எதைக் கையில் கொடுப்பார்கள் என்று சேவை ஒப்பந்தம் எழுத வேண்டும். இதோடு 1998-ல் வாக்கெடுப்பில் வந்த ஐ-200 சட்டம். அரசு வேலையிலும் ஒப்பந்தத்திலும் இனத்தைப் பார்த்து முன்னுரிமை கொடுக்கக் கூடாது என்கிறது. அதனால்தான் திட்டங்களை அஞ்சல் குறியீடு, வருமானம், மாசு அளவு என்று இடத்தை வைத்து வரைகிறார்கள். தாமதத்துக்குப் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது. மனமில்லை என்று எடுத்தவுடன் சொல்லாதீர்கள்.

வண்டல்:
பூங்காவைப் பற்றி மட்டும் பேசினால் ஆறு மறந்துபோகும். சுத்திகரிப்பை மேற்கொள்ளும் குழுவில் நகராட்சி, கவுண்டி, துறைமுகம், போயிங் நால்வரும் உண்டு. 2014-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இறுதித் திட்டத்தை வெளியிட்டபோது மதிப்பீடு 34.2 கோடி டாலர். மாசு அதிகமாக இருந்த சில இடங்களை 2015-க்குள் முதலில் எடுத்ததில் அடிமண்ணின் பிசிபி ஏறக்குறைய பாதி குறைந்தது. மீதியில் கொஞ்சத்தைத் தூர்வாரி எடுப்பார்கள், கொஞ்சத்தை மணல் போட்டு மூடுவார்கள், பெரிய பரப்பில் புது வண்டல் தானாகப் படிந்து மூடட்டும் என்று அளந்துகொண்டிருப்பார்கள்.

தூர்வாருவதில் தவறு எங்கே நடக்கும் என்றால், வாளி அடிமண்ணைக் கிளறும்போது நுண்துகள் தண்ணீரில் கலந்து, எடுத்த குழிக்குப் பக்கத்திலேயே மெல்லிய படலமாகத் திரும்பப் படியும். டுவாமிஷ்-டயகனல் பகுதியில் 2003–04-ல் இப்படித்தான் ஆயிற்று. 2005-ல் சுற்றிலும் மெல்லிய மணல் அடுக்கு போட வேண்டி வந்தது. சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் மாதங்களில் ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்யவும் கூடாது, அக்டோபரிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரைதான். இரண்டு வாரம் பிந்தினால் ஒரு வருடம் பிந்தியது போல.

இதைவிட முக்கியமானது மழைநீர்க் குழாய். ஆற்றை எவ்வளவு தோண்டினாலும், பழைய கட்டிடங்களின் பூச்சிலும் ஜன்னல் இடுக்குப் பசையிலும் இருக்கும் பிசிபி ஒவ்வொரு மழைக்கும் குழாய் வழியாகத் திரும்ப இறங்கும். கரையோரத்தில் துறைமுகத்துக்கும் நிலம் இருக்கிறது, வடிகால் இருக்கிறது. குழாய்க்குள் தேங்கிய வண்டலை எடுத்துச் சோதிப்பது, குழாயைக் கழுவுவது, கழுவிய நீரை ஆற்றில் விடாமல் பிடித்து அகற்றுவது. நாடா வெட்ட இதில் ஒன்றுமில்லை. ஆனால் உறுதிமொழியில் முதல் வரியாக இருக்க வேண்டியது இதுதான்.

துறைவன்:
வண்டல் சொன்னதோடு இன்னொரு கேள்வியும் சேர்கிறது. இப்போது அந்த ஆற்றில் மீன் பிடித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு வாக்குறுதி என்ன தருகிறது?

வண்டல்:
நியாயமான கேள்வி. மாநில சுகாதாரத் துறையின் அறிவுரை தெளிவாக இருக்கிறது: ஆற்றிலேயே தங்கி வளரும் மீன், நண்டு, சிப்பி எதையும் சாப்பிடக் கூடாது. கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பும் சால்மன் மட்டும் சாப்பிடலாம். பிசிபி கொழுப்பில் கரையும். அடிமண்ணைத் துழாவும் நாக்கு மீனிலும், நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பிலும் அது சேர்ந்துகொள்ளும். ருசி என்று பலர் விரும்பி எடுப்பதும் அந்த மஞ்சள் பகுதியைத்தான். நண்டை முழுதாகக் கொதிக்க வைத்தால் அது கரைந்து சாறு முழுக்கப் பரவும், பிறகு சதையை மட்டும் தின்றும் பயனில்லை. இங்கே மீன் பிடிப்பவர்களில் வியட்நாம், கம்போடியா, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிறைய. பழங்குடிகளுக்கு ஒப்பந்தப்படி மீன்பிடி உரிமையே உண்டு. கரையில் பலகை வைப்பது எளிது. சால்மன் கிடைக்கும் இடத்தையும் காலத்தையும் அவரவர் மொழியில், பக்கத்தில் நின்று சொல்ல ஆள் போடுவதுதான் வேலை.

சக்கரம்:
ஆற்றைப் பேசுகிறீர்கள், காற்று என்ன ஆயிற்று? துறைமுகம் பெருமையாகக் காட்டுவது கரைமின்சாரம்: நிற்கும் கப்பல் எஞ்சினை ஓட்டாமல் கரையிலிருந்து மின்சாரம் எடுப்பது. 66-ஆம் கப்பல்துறையில் 2024-ல் இணைப்பு வந்தது, 91-ஆம் கப்பல்துறையில் முன்பே இருக்கிறது. இங்கிருந்து புறப்படும் சுற்றுலாக் கப்பல்கள் 2027 முதல் கட்டாயம் மின்சாரம் எடுக்க வேண்டும் என்று ஆணையம் முடிவெடுத்ததையும் வரவேற்கிறேன். ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். 66 நகர மையத்தில், 91 அதற்கும் வடக்கே. ஜார்ஜ்டவுன் குழந்தையின் மூச்சில் ஏறுவது கிழக்கு மார்ஜினல் சாலையிலும் நெடுஞ்சாலை 99-இலும் ஓடும் கன்டெய்னர் லாரியின் டீசல் துகள்.

அந்த லாரிகளுக்கு ஒரு விதி இருக்கிறது. சர்வதேச கன்டெய்னர் முனையத்துக்குள் நுழைய 2007 அல்லது அதற்குப் பிந்திய எஞ்சின் வேண்டும். 2007 ஏன் என்றால், அந்த வருடத்து மத்திய விதி துகள் அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது, குதிரைத்திறன்-மணிக்கு 0.1 கிராமிலிருந்து 0.01. புகைக்குழாயில் துகள் வடிகட்டி வைத்தால்தான் அதை எட்ட முடியும். விதி 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியது, சொந்த லாரி ஓட்டுநர்கள் பலரால் வண்டி மாற்ற முடியாமல் ஒரு வருடம் தள்ளிப்போனது.

வடிகட்டி மாட்டியதோடு கதை முடியாது. உள்ளே சேரும் கரியை எரித்துச் சுத்தம் செய்ய சூடான புகை வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் லாரிக்கு அந்தச் சூடு தானாகக் கிடைக்கும். முனைய வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்பதும், மூன்று மைல் போய்த் திரும்புவதுமாக இருந்தால் சூடு ஏறாது. கரி அடைக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டியை ஓரம் கட்டி எரிபொருளைச் செலுத்திச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். அதையும் தள்ளிப்போட்டால் வடிகட்டியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய முடியும். செலவு தாங்காமல் சிலர் வடிகட்டியையே குடைந்துவிடுகிறார்கள். அப்புறம் 2007 எஞ்சின் என்பது பதிவேட்டில் மட்டும்தான். அதனால் வாசலில் ஆண்டை மட்டும் பார்க்காமல் புகையையும் அளக்க வேண்டும். வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும், அது துகளையும் குறைக்கும், ஓட்டுநரின் பிழைப்பையும் காக்கும்.

நீரோட்டம்:
சக்கரம், தொழில்நுட்பத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் லாரிக்காரரைத் துறைமுகம் எவ்வளவு தூரம் கட்டளையிடலாம் என்பதற்கு எல்லை உண்டு. லாரி நிறுவனங்களின் விலை, வழி, சேவை பற்றி மாநிலமோ உள்ளாட்சியோ சட்டம் போடக் கூடாது என்பது மத்தியச் சட்டம். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகம் 2008-ல் ஓட்டுநர்களை நிறுவன ஊழியர்களாக வைக்கச் சொன்ன நிபந்தனையை 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. லாரி நிறுத்தம், அறிவிப்புப் பலகை பற்றிய இரண்டு நிபந்தனைகளை 2013-ல் உச்ச நீதிமன்றமே ஒருமனதாகத் தள்ளியது. பழைய எஞ்சினுக்கு வாசலில் தடை என்ற பகுதி நின்றது.

தராசு:
நீரோட்டம் சொன்ன வழக்குகள் லாரியைப் பற்றியவை. முனையக் குத்தகைக்கு அந்தத் தடை கிடையாது, அங்கே துறைமுகம்தான் நில உரிமையாளர். லாஸ் ஏஞ்சலஸிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. சைனா ஷிப்பிங் முனையம் தொடர்பான வழக்கில் 2003-ல் சமரசம் வந்தது. கரைமின்சாரம் வந்தது, சுற்றியுள்ள மக்களுக்கு நிதியும் வந்தது. பிறகு 2008 சுற்றுச்சூழல் அறிக்கையில் மாசைத் தணிக்கும் 52 நடவடிக்கைகளை எழுதினார்கள். அவற்றில் 11 முழுதாக நிறைவேறவில்லை என்று 2015-ல் வெளிவந்தது. காரணம் என்ன? குத்தகையைத் திருத்தி அந்த நடவடிக்கைகளை அதில் ஏற்றவே இல்லை. குத்தகைதாரரைக் கேட்க ஆவணம் இல்லை.

ஆகவே ஒரு விதி எழுதினால் அதில் நாலு விஷயம் இருக்க வேண்டும். எந்தத் தேதிக்குள், என்ன அளவு, யார் அளப்பது, தவறினால் என்ன. உதாரணமாக, முனையத்துக்குள் ஓடும் இழுவை வண்டிகளில் இத்தனை சதவீதம் இந்த வருடத்துக்குள் மின்சாரத்துக்கு மாறும், ஆண்டுதோறும் எரிபொருள் ரசீதோடு கணக்குக் கொடுப்பார்கள், தவறினால் அந்த வருட வாடகையில் குறிப்பிட்ட தொகை கூடும், கூடிய தொகை சவுத் பார்க் பள்ளிகளின் காற்று வடிகட்டிகளுக்குப் போகும். நாலில் மூன்றை எழுதி கடைசியை விட்டால், எழுதாததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

நீரோட்டம்:
ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. குத்தகைகள் பத்து, இருபது, முப்பது வருடத்துக்குப் போடுகிறவை. நடுவில் ஒருதலையாகத் திருத்த முடியாது. குத்தகைதாரர் கிரேன் மாற்றவோ, நீட்டிப்புக் கேட்கவோ வரும்போதுதான் கதவு திறக்கும். சரக்கு கனடாவின் வான்கூவருக்கோ பிரின்ஸ் ரூபர்ட்டுக்கோ போய்விடும் என்ற பயமும் வெறும் சாக்கு இல்லை.

துறைவன்:
வான்கூவரைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். வடமேற்குத் துறைமுகங்களின் தூய காற்று உத்தியில் சியாட்டில், டகோமாவோடு வான்கூவரும் சேர்ந்திருக்கிறது, 2050-க்குள் புகையே இல்லாத நிலை என்று ஒரே இலக்கு. சியாட்டிலும் டகோமாவும் 2015-லிருந்து ஒரே கூட்டணியாகக் கன்டெய்னர் முனையங்களைக் குத்தகைக்கு விட்டு நிர்வகிக்கின்றன, பக்கத்துத் துறைமுகம் சலுகை காட்டி இழுக்கும் என்ற பழைய வாதமும் போயிற்று. கதவு நீட்டிப்பின்போதுதான் திறக்கும் என்பதை மட்டும் ஏற்கிறேன். அப்படியானால் எந்தக் குத்தகை எந்த வருடம் முடிகிறது, எதற்குத் திருத்த விண்ணப்பம் வந்திருக்கிறது என்ற பட்டியல் ஆலோசனைக் குழு மேசையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஆணையர்கள் ஓட்டுப் போடும் வாரத்தில் காட்டிக் கருத்துக் கேட்பது கலந்தாய்வு ஆகாது.

வண்டல்:
அளப்பது யார் என்று தராசு கேட்டதற்கு இங்கேயே ஒரு வழி இருக்கிறது. டுவாமிஷ் பள்ளத்தாக்கின் இளைஞர்கள் 2019-ல் தெரு மரங்களில் வளரும் பாசியைச் சேகரித்தார்கள். பாசிக்கு வேர் கிடையாது, தண்ணீரையும் சத்தையும் காற்றிலிருந்தே எடுக்கும். அதனால் காற்றில் வரும் ஆர்செனிக், குரோமியம் போன்ற உலோகம் அதிலேயே தங்கும். கையுறை போட்டுக் கிளையிலிருந்து எடுத்து, பட்டையும் தூசியும் நீக்கி, உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தரைக்கு மிக அருகில் எடுத்தால் மண் தெறித்துக் கணக்கு கெடும். காற்றை அளக்கும் விலையுயர்ந்த கருவியை எந்த மூலையில் வைப்பது என்று இது காட்டிக்கொடுக்கும். குத்தகையில் அளவீட்டுப் பொறுப்பை எழுதும்போது இந்த இளைஞர்களுக்கு ஊதியத்தோடு சேவை ஒப்பந்தம் போடலாம். நீரோட்டம் சொன்ன அன்பளிப்புத் தடைக்கு அது முட்டாது, வேலைக்குக் கூலி.

நீரோட்டம்:
முட்டாது. வேலையின் அளவும் ஒப்படைக்கும் தேதியும் எழுதியிருந்தால் போதும்.