ஆரக்கிளில் ரோநம் கொண்டு எண்ணிட்டால் இரண்டாம் பக்கம் வெறுமையாக வருவது ஏன்?

கேள்வி:
ஆரக்கிள் 11ஜி தரவுத்தளத்தில் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை, சேமிப்புத் தொகை மிகுந்தவர் முதலில் வரும்படி, பக்கத்துக்கு 20 பேராக, வரிசை எண்ணுடன் அச்சிட வேண்டியுள்ளது. ரோநம் (ROWNUM; ஆரக்கிள் ஒவ்வொரு நிரைக்கும் தானே தரும் எண்) சேர்த்து வினவல் எழுதி, இறுதியில் ‘ஆர்டர் பை தொகை டெஸ்க்’ என்று இட்டேன். தொகைகள் சரியாக இறங்குகின்றன. எண்களோ 14, 3, 57 என்று கலைந்து நிற்கின்றன. இரண்டாம் பக்கத்துக்காக ‘வேர் ரோநம் > 20’ என்று நிபந்தனை கொடுத்தால் ஒரு நிரைகூட வரவில்லை. அட்டவணையில் 900 பேருக்கு மேல் இருக்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் ஒன்றே. ரோநம் அட்டவணையில் சேமிக்கப்பட்ட எண் அன்று; ஒவ்வொரு நிரையும் வெளியே எடுக்கப்படும்போது, ஆர்டர் பை தன் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, வழங்கப்படும் எண். முதலில் எண்ணிட்டுப் பிறகு அடுக்குவதால்தான் எண்கள் கலைகின்றன.

இரண்டாம் பக்கத்துக்கு டோக்கன் முறையை நினைத்துப் பாருங்கள். முதலில் வரும் நிரைக்கு 1 என்ற டோக்கன் நீட்டப்படுகிறது. 1 என்பது 20-ஐவிடப் பெரிதன்று என்பதால் அந்த நிரை திருப்பியனுப்பப்படுகிறது. டோக்கன் செலவாகாததால் அடுத்த நிரைக்கும் அதே 1 நீட்டப்படுகிறது. கடைசி நிரை வரை இதே கதிதான்.

அடுக்கிய வரிசைப்படி நிரைகளுக்கு எண்ணிடும் ரோ_நம்பர் (ROW_NUMBER) என்ற சார்பு இதற்கு நேரான வழி. தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல்லின் 2003 தரநிலையில் இடம்பெற்ற அதை உங்கள் பதிப்பும் ஏற்கும். (கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுக.)

செலக்ட் * ஃப்ரம் (
செலக்ட் பெயர், தொகை, ரோ_நம்பர்() ஓவர் (ஆர்டர் பை தொகை டெஸ்க்) வ_எண்
ஃப்ரம் உறுப்பினர்)
வேர் வ_எண் பிட்வீன் 21 அண்ட் 40
ஆர்டர் பை வ_எண்

உள்வினவல் கட்டாயம் தேவை. வேர் நிபந்தனை முடிந்த பிறகே ரோ_நம்பர் கணக்கிடப்படுவதால், அதே மட்டத்து வேரில் அதைப் பயன்படுத்த இயலாது.

மறுமொழி 2:
மேலே உள்ள வினவலில் ஒன்றை அவசியம் திருத்த வேண்டும். இருவருக்கு ஒரே தொகை இருந்தால் அவர்களுள் யார் 20, யார் 21 என்பது ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறலாம். அப்படி மாறினால் ஒருவர் இரு பக்கங்களிலும் அச்சாகி, மற்றவர் பட்டியலிலிருந்தே விடுபட்டுப் போவார். பெயர் விடுபட்ட உறுப்பினருக்கு நாம் விடை சொல்ல இயலாது. ஆகவே ‘தொகை டெஸ்க், உறுப்பினர்_எண்’ என்று, இரட்டிப்பு வராத ஒரு நெடுவரிசையையும் சேர்த்து அடுக்குங்கள்.

நீங்கள் காட்ட விரும்புவது வரிசை எண்ணா, தரமா என்பதையும் முடிவு செய்யுங்கள். நான்காம் இடத்தில் இருவர் சமமாக நின்றால் ரோ_நம்பர் 4, 5 என்று தரும். அடுத்தவரையும் சேர்த்தால் ரேங்க் 4, 4, 6 என்றும், டென்ஸ்_ரேங்க் 4, 4, 5 என்றும் தரும்.

கேட்டவர்:
உறுப்பினர் எண்ணைச் சேர்த்ததும் பக்கங்கள் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. கிளை அலுவலகத்தில் மைஎஸ்க்யூஎல் 5.7 என்ற வேறு தரவுத்தளம் உள்ளது. அங்கே ரோ_நம்பர் பிழை காட்டுகிறதே?

மறுமொழி 1:
மைஎஸ்க்யூஎல்லில் அது 8.0 பதிப்பில்தான் வந்தது. 5.7-இல் பயனர் மாறியை ஒவ்வொரு நிரைக்கும் ஒன்று கூட்டும் பழைய உத்தியைப் பலர் காட்டுவார்கள். அதன் கணக்கீட்டு வரிசைக்கு உறுதி இல்லை என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்களுக்கு அச்சில்தான் எண் வேண்டும். ‘ஆர்டர் பை தொகை டெஸ்க், உறுப்பினர்_எண் லிமிட் 20 ஆஃப்செட் 20’ என்று, முதல் 20-ஐத் தாண்டி அடுத்த 20 நிரைகளை மட்டும் எடுத்து, அச்சிடும் நிரலிலேயே 21 முதல் எண்ணிட்டுக்கொள்ளுங்கள்.