முகம் வரையச் சொன்னால் 36 தாளிலும் சிரிப்புதான். என்ன செய்யலாம்?

சிலேட்டுக்குச்சி:
மூன்றாம் வகுப்பு, 36 பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு பீரியட், 40 நிமிடம். "உன் முகத்தை வரை, மனசுல இருக்கிறதை அதுல காட்டு" என்றால் எல்லாத் தாளிலும் ஒரே வட்டம், இரண்டு புள்ளி, வாழைப்பழ வாய். கோபம் என்றால் முகம் பூராவும் சிவப்பு, சோகம் என்றால் கன்னத்தில் இரண்டு சொட்டு. கையில் இருப்பது ஏ4 தாளும் மெழுகு கிரேயானும்தான். எங்கிருந்து தொடங்க?

கோட்டுக்கோலம்:
அந்த வயதில் பிள்ளை முகத்தைப் பார்த்து வரைவதில்லை, மனப்பாடமான ஒரு குறியைத்தான் போடுகிறது. அதனால் முதல் செலவு கண்ணாடிக்கு. இரண்டு பேருக்கு ஒன்று என்று 18 போதும். பெயர்ப்பலகை செய்கிற கடையில் அக்ரிலிக் கண்ணாடித் தகட்டை 10க்கு 15 செ.மீ. அளவில் வெட்டித் தருவார்கள். முகத்தில் பாதி உயரம் இருந்தாலே கண்ணாடியில் முழு முகமும் தெரியும். சாதாரணக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், உடையும்.

முதல் பீரியடில் பென்சிலையே எடுக்க விடாதீர்கள். நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கோபப்படட்டும், பயப்படட்டும், பக்கத்துப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும். பிறகு நெற்றியையும் புருவத்தையும் மறைத்து அதையே செய்யட்டும். வேலையில் பாதியைப் புருவம் செய்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் வரையலாம். தாளை நிமிர்த்தி வைத்து, மேல் விளிம்பு கீழ் விளிம்பைத் தொடும்படி ஒரு மடிப்பு மடித்துப் பிரியுங்கள். தலை தாளை நிறைக்க வேண்டும், மேலும் கீழும் ஒரு விரல் இடைவெளி போதும். கண் அந்த மடிப்பின் மேல் வரும். பிள்ளைகள் கண்ணை நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள். அப்படி வைத்தால் புருவம் ஏறி இறங்க இடமே இருக்காது. உங்கள் 36 தாளும் ஒரே முகமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புருவமும் வாயும் இல்லாமல் முகத்தை முடிக்கச் சொல்லுங்கள். கறுப்புச் சார்ட்டில் 4 செ.மீ. நீளம், அரை செ.மீ. அகலத்தில் பிள்ளைக்கு இரண்டு துண்டு, வாய்க்கு ஒரு சாண் கம்பளி நூல். படத்தின் மேல் வைத்து நகர்த்திப் பார்க்கட்டும். உள்முனை மூக்கை நோக்கி இறங்கினால் கோபம். உள்முனை ஏறி வெளிமுனை சரிந்தால் சோகம். புருவம் மொத்தமாக ஏறி, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் பயம். முடிவானதும் ஃபெவிக்கால். பிள்ளைகளிடமிருந்து ரப்பரை வாங்கி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் வாயை அழித்து மறுபடியும் வாழைப்பழம் போட்டுவிடுவார்கள்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630இல் இதையேதான் செய்தார். கண்ணாடி முன்னால் முகத்தைக் கோணி, கண்ணை உருட்டி, செப்புத் தகட்டில் தன்னையே செதுக்கினார். அதில் ஒன்று ஏறத்தாழ தீப்பெட்டி அளவுதான். காட்டுங்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மெய்ப்பாடு:
கோடு சரி. சொல் வேண்டாமா? சந்தோஷம், சோகம், கோபம் என்று மூன்றோடு நின்றால் படமும் மூன்றோடு நிற்கும். தொல்காப்பியம் எட்டு சொல்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல், மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). வகுப்பில் எல்லோரும் பார்த்துச் சிரிக்கும்போது வருகிறதே, அது இளிவரல். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த உணர்ச்சி, பெயர்தான் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் வேறு உண்டு. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேய், நாய், திருடன், ஹெட்மாஸ்டர் என்று மாற்றிக்கொள்ளலாம்! "பயமா வரை" என்பதைவிட "தெருநாய் துரத்துது, இப்போ உன் முகத்தை வரை" என்றால் கை ஓடும்.

நிறத்துக்கு அகராதி எழுதாதீர்கள். சிவப்பு என்றால் கோபம் என்று நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் நமக்கே திருப்பித் தருகிறார்கள். கறுப்பு அப்பியிருந்தால் டப்பாவில் உடையாமல் இருந்தது அது ஒன்றாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்து நோய் சொல்வது நம் வேலை இல்லை. "நீ ஏன் சோகமா இருக்கே?" என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "இந்த முகத்துக்கு இப்போ என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள், படத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு பேசும்.

மதிப்பெண் கூடாது. கேட்காமல் சுவரில் ஒட்டவும் கூடாது. யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால் வகுப்பில் வைத்துத் துருவாதீர்கள். அந்தச் சொற்களையே அன்றே குறித்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லுங்கள்.

சிலேட்டுக்குச்சி:
நன்றி. இன்னொன்று. முகத்துக்கு எல்லாரும் "ஸ்கின் கலர்" என்று அந்த வெளிர் ரோஸ் கிரேயானைத்தான் தேடுகிறார்கள். ஒரு டப்பாவில் ஒன்றுதான் இருக்கிறது, அடிதடி.

வண்ணப்பெட்டி:
அமெரிக்காவில் கிரேயோலா என்ற கிரேயான் நிறுவனம் அதற்கு 'ஃப்ளெஷ்' (சதை) என்று வைத்திருந்த பெயரை 1962இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் ஊரில் வாய்வழியாக இன்னும் ஓடுகிறது.

ஒரு துண்டுத் தாளில் மஞ்சளை லேசாக, அதன் மேல் பழுப்பை லேசாக, கடைசியில் கொஞ்சம் ஆரஞ்சு. தாளை மணிக்கட்டோடு ஒட்டி வைத்துப் பார்க்கட்டும், பழுப்பு கூட்டுவதா மஞ்சள் கூட்டுவதா என்று கண்ணே சொல்லும். பழுப்பை முதலில் அழுத்தித் தேய்த்தால் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும், மேலே எந்த நிறமும் பிடிக்காது. ஆயில் பேஸ்டல் கிடைத்தால் விரலாலேயே கலக்கலாம். ஆனால் சட்டையெல்லாம் ஆகும், பழைய துணி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.