மறுமொழி: ‘ஒவ்வா விளம்பரம்’, ‘விளம்பர விலக்கல்’ – கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். தளம் நடத்துவோருக்காக நாம் தொகுத்துவரும் தமிழ்க் கையேட்டில் விளம்பர இயல் மட்டும் முடியாமல் நிற்கிறது. ‘சென்சிட்டிவ் கேட்டகரி’ (வாசகரை உறுத்தக்கூடிய விளம்பர வகை), ‘பிளாக்கிங் கன்ட்ரோல்’ (வேண்டாத விளம்பரத்தை ஒதுக்கும் வசதி) ஆகிய இரண்டுக்கும் தமிழ்ச்சொல் எது என்பதில் நாம் இன்னும் ஒரு முடிவுக்கு வராததே அதற்குக் காரணம். இதுவரை வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்துவிட்டே எழுதுகிறேன். சொல் எதைச் சுட்ட வேண்டும் என்பதில் நாம் ஒத்துப்போய்விட்டால் சொல்லைக் கண்டடைவது கடினமாக இராது என்று எண்ணுவதால், முதலில் பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

தளங்களில் விளம்பரம் இட்டு அதன் வருவாயில் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவை 2003ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டாலும் தமிழ்த் தளங்களுக்கு அது 2018 பிப்ரவரியில்தான் வந்து சேர்ந்தது. அதன் வழியாக வரும் விளம்பரங்களை நாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதில்லை. வாசகர் பக்கத்தைத் திறக்கும் நொடியில் ஓர் ஏலம் நடக்கிறது. பக்கத்தில் உள்ள சொற்கள், வாசகர் இருக்கும் ஊர், அவர் முன்பு தேடிப் பார்த்தவை ஆகியவற்றைக் கொண்டு விளம்பரதாரர்கள் விலை கேட்கிறார்கள். வென்றவரின் விளம்பரம் நம் பத்திகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேண்டாதவற்றை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் உரிமை மட்டுமே நம் கையில் இருக்கிறது. அரசியல், மதம், சோதிடம், கடன், உடல் எடைக் குறைப்பு, டேட்டிங் என்று வகைவகையாக ஒதுக்கலாம். குறிப்பிட்ட ஒரு விளம்பரதாரரின் இணைய முகவரியை ஒதுக்கலாம். வந்துவிட்ட விளம்பரங்களைப் பார்வையிட்டுத் தனித்தனியாகவும் ஒதுக்கலாம். மதுவும் சூதாட்டமும் நாமாக இசைவு தந்தால் ஒழிய வருவதில்லை.

இந்த உரிமையை யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் என் கருத்தின் மையம். மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் படகில் கூலிக்குப் போகும் குடும்பங்களில் அந்த நாட்களில் கைச்செலவுக்கே பணம் இருக்காது. தடைக்கால நிவாரணத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கும் கட்டுரையை நாம் அவர்களுக்காகத்தான் வெளியிடுகிறோம். அந்தக் கட்டுரையில் தொகை, வங்கி, கணக்கு, விண்ணப்பம் என்ற சொற்கள் நிறைந்திருப்பதாலேயே கடன் செயலிகள் அந்தப் பக்கத்துக்குப் போட்டி போடுகின்றன. நான் என் கைப்பேசியில் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் இடையே திரையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு விளம்பரம்: ஆவணம் தேவையில்லை, ஐந்தே நிமிடத்தில் பணம் என்று ஒரு வரி, அதன் கீழே பச்சை நிறத்தில் ‘விண்ணப்பிக்க’ என்று ஒரு பொத்தான். ‘விளம்பரம்’ என்ற குறிப்பு மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண் அந்தப் பொத்தானை அரசு விண்ணப்பம் என்று நம்பி அழுத்தினால் அவரைக் குறை சொல்ல எவருக்கும் வாய் இராது. நம்மை நம்பித்தான் அவர் அந்தப் பக்கத்துக்கு வந்தார்.

இன்னொன்று இதைவிடக் கனமானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்ததை நம் மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. மனநோய்க்கு மருத்துவரிடம் போங்கள் என்று வலியுறுத்தும் கட்டுரையை அந்த நினைவு நாளில் ஒரு தளம் வெளியிடுகிறது என்று கொள்வோம். ஏர்வாடி, மனநோய், பேய், நம்பிக்கை என்ற சொற்களைக் கண்ட இயந்திரம் செய்வினை நீக்கும் பரிகாரத்தையும் தாயத்தையும் கொண்டுவந்து வைக்கக்கூடும். மனநோயைத் தாயத்தாலும் மந்திரத்தாலும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் ‘மனக்கவலையா, எங்களிடம் வாருங்கள்’ என்று நோயின் பெயரைச் சொல்லாமல் எழுதப்படும் விளம்பரம் சட்டத்தின் பிடிக்குள் எளிதில் வருவதில்லை. கட்டுரை சொல்வதை அந்த விளம்பரம் அதே பக்கத்தில் மறுத்துவிடுகிறது. அங்கே பலியானவர்களின் உறவினர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை எண்ணித்தான் நாம் சொல்லைத் தேட வேண்டும்.

இனி, வந்துள்ள பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘உணர்திறன் வகைகள்’ என்பது கருவிகளின் நுட்பத்தைக் குறிக்க அறிவியல் பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல். விளம்பரத்துக்கு உணர்திறன் உண்டு என்று எழுதினால் பொருளே திரிந்துபோகிறது. ‘ஆபாச விளம்பரம்’, ‘தவறான விளம்பரம்’ ஆகியவை மிகச் சில விளம்பரங்களுக்கே பொருந்தும். மண்டபத்து ஆசிரியர் ஐயா அவர்கள் பரிந்துரைத்த ‘விளம்பரத் தணிக்கை’ ஓசையில் நன்றாக இருந்தாலும், தணிக்கை என்றதும் அதிகாரத்தில் இருப்பவர் செய்வது என்ற எண்ணமே முதலில் எழுகிறது. போதாததற்குக் கணக்குத் தணிக்கையும் நினைவுக்கு வருகிறது. ‘விளம்பர வடிகட்டி’ என்பது இயந்திரத்தைக் குறிக்கிறதே தவிர, முடிவெடுக்கும் மனிதரைக் குறிக்கவில்லை. ‘விளம்பரத் தடுப்பான்’ என்பதையோ வாசகர் தம் உலாவியில் நிறுவிக்கொள்ளும் செயலிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

நான் முன்வைப்பது ‘ஒவ்வா விளம்பரம்’. ஒவ்வுதல் என்றால் பொருந்துதல், இசைதல். நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்குக் கணவாய் தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும். ‘அவனுக்கு ஒத்துக்காது’ என்று தாய் அவனுக்கு மட்டும் வேறு குழம்பு வைப்பாள். கணவாயைக் கெட்ட மீன் என்று சொல்ல மாட்டாள். விளம்பரத்திலும் நமக்கு வேண்டியது இந்தப் பார்வைதான். பிரியாணிக் கடை விளம்பரத்தில் எந்தக் குற்றமும் இல்லை. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா பற்றிய பக்கத்தில் அது இயல்பாகவே பொருந்தும். ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுக்கும் முறையை விளக்கும் பக்கத்தில், விரதம் இருந்து படிப்பவருக்கு அதே விளம்பரம் ஒவ்வாது. நகைக்கடன் விளம்பரமும் அப்படித்தான். அது சட்டப்படியான தொழில். ஆயினும் வட்டியை இஸ்லாமிய மார்க்கம் விலக்கியதாகக் கொள்ளும் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் வாசகர்களுக்கு, அதிலும் ஜக்காத் (கட்டாயத் தருமம்) கணக்கிடுவது பற்றிய கட்டுரையின் நடுவில், அது வந்து நிற்பது மனத்தை உறுத்தும். விளம்பரத்தின் மேல் தீர்ப்பு எழுதாமல், இந்த வாசகருக்கு, இந்தப் பக்கத்தில், இந்த நேரத்தில் ஒவ்வாது என்று மட்டும் சொல்வதே இச்சொல்லின் வலிமை என்று கருதுகிறேன்.

‘ஒவ்வாமை என்பது மருத்துவச் சொல்லாயிற்றே’ என்று தொண்டியிலிருந்து எழுதும் அம்மையார் கேட்டிருந்தார். ஒவ்வாமை என்ற பெயர்ச்சொல்தான் மருத்துவத்தில் வேரூன்றியிருக்கிறது. ‘ஒவ்வாத பேச்சு’, ‘ஒவ்வாத உறவு’ என்றெல்லாம் எழுதும்போது நாம் எவரும் மருத்துவத்தை நினைப்பதில்லை. ஆகவே குழப்பம் வராது என்றே எண்ணுகிறேன்.

அடுத்தது செயலுக்கான பெயர். ‘விலக்கு’ என்று முதலில் பலரும் எழுதினீர்கள். மதுவிலக்கு என்ற சொல் நமக்குப் பழகியிருப்பதால் அது எளிதாக நாவில் வருகிறது. ஆனால் வரிவிலக்கு என்பதைப் போல ‘விளம்பர விலக்கு’ என்பதை, விளம்பரம் இன்றிப் படிக்கும் சலுகை என்று வாசகர் புரிந்துகொள்ள இடமுண்டு. போதாக்குறைக்கு, நம் பக்கத்துப் பேருந்துகளில் நடத்துநர் ‘விலக்கு’ என்று குரல் கொடுத்தால் கிளைச்சாலை பிரியும் நிறுத்தம் வந்துவிட்டது என்று பொருள். எனவே தொழிற்பெயராகவே ‘விளம்பர விலக்கல்’ என்று வைத்துக்கொள்ளலாம். விலக்கல் என்னும்போது அதைச் செய்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லிலேயே தெரிகிறது.

மேலும், மூன்று பேர் செய்யும் மூன்று செயல்களை நாம் ஒரே சொல்லில் அடைத்துவிடக் கூடாது. சட்டம் செய்வது தடை: 2003ஆம் ஆண்டின் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்தது; பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது. விளம்பர நிறுவனம் தன் கொள்கைப்படி ஏற்காமல் விடுவது மறுப்பு. தடையும் மறுப்பும் இல்லாத ஒன்றைத் தளம் நடத்துபவர் தம் வாசகரை எண்ணி ஒதுக்குவதே விலக்கல். இந்த வேறுபாட்டைக் கையேடு தெளிவாகச் சொல்லாவிட்டால், ‘சட்டம் தடுக்கவில்லையே, நிறுவனமும் ஏற்றுக்கொண்டதே, எனக்கென்ன பொறுப்பு’ என்று கேட்பவருக்கு நம்மிடம் விடை இராது. பக்கம் நம்முடையது; அதில் வருவதற்கு நாமே பொறுப்பு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

விலக்கலில் உட்பிரிவுகள் உண்டு. வகை விலக்கல், முகவரி விலக்கல், தனி விலக்கல், பக்க விலக்கல் என்று நான்கையும் பிரித்து எழுதுவோம். வகை விலக்கல் எளிது; ஆனால் மொட்டையானது. மதம் என்ற வகையை முழுவதும் ஒதுக்கினால் மனத்தைப் புண்படுத்தும் மதப் பரப்புரையோடு சேர்ந்து, தங்கச்சிமடத்துத் தேவாலயத் திருவிழாவுக்கு வரும் நல்ல விளம்பரமும் போய்விடக்கூடும். தனி விலக்கல் நுட்பமானது. எனினும் அதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. இராமநாதபுரத்தில் உட்கார்ந்து நான் பார்க்கும் விளம்பரமும், அதே பக்கத்தைத் துபாயில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய கீழக்கரை இளைஞர் பார்க்கும் விளம்பரமும் வேறு வேறு. எனவே, ‘என் தளத்தில் அப்படி எதுவும் வரவில்லையே’ என்று தம் திரையை மட்டும் பார்த்துச் சொல்வது போதாது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள வாசகர்களிடம், உறுத்தும் விளம்பரம் வந்தால் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்வதே பயன் தரும். கீழக்கரைக் காக்கா (அண்ணன்) அவர்கள் தம் தளத்தின் அடியில் அதற்கென்று ஒரு வரி சேர்த்திருப்பதாக எழுதியிருந்தார்கள். அந்த வழக்கத்தைக் கையேட்டிலும் பரிந்துரைக்க வேண்டும்.

பக்க விலக்கலை நான் தனியாக வலியுறுத்துகிறேன். சில பக்கங்களில் எந்த விளம்பரமும் ஒவ்வாது. கடலில் காணாமல் போனவர்களைப் பற்றிய செய்தி, இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல், இறப்பு அறிவிப்பு ஆகியவை அத்தகையன. கணவரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடி வரும் ஒருவர் கண்முன் படகுச் சவாரிக்கு அழைக்கும் விளம்பரம் வரக் கூடாது. தானியங்கி விளம்பர அமைப்பில் குறிப்பிட்ட பக்கங்களை நீக்கிவைக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறையைப் படத்தோடு விளக்க வேண்டும்.

வருவாய் குறையும் என்ற கவலை நியாயமானதே. ஏலத்தில் விலை கேட்பவர் குறைந்தால் விலையும் குறையலாம். எனவே கண்ணில் படும் வகைகளை எல்லாம் ஒதுக்காமல், நம் வாசகர் யார் என்று பார்த்து ஒதுக்குவதே சரி. வலைக்கடை, படகு எஞ்சின் உதிரிபாகக் கடை, இராமேசுவரத்துத் தங்கும் விடுதி போன்றவற்றிடம் நேரடியாகப் பெறும் விளம்பரத்தில் இந்தச் சிக்கலே எழாது. அதற்கு ‘நேரடி விளம்பரம்’ என்ற சொல்லே போதும்.

திரையை மறைத்துக்கொண்டு பாயும் விளம்பரங்களையும் இந்தத் தலைப்பிலேயே சேர்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது உள்ளடக்கத்தைப் பற்றியது அன்று, வடிவத்தைப் பற்றியது. ‘இடையூறு விளம்பரம்’ என்று தனியே வைப்போம்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. ‘ஒவ்வா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆதலால் அதன்பின் வல்லினம் மிகும். ‘ஒவ்வா விளம்பரம்’, ‘ஒவ்வா வகை’ என்பவற்றில் மாற்றம் இல்லை. ‘ஒவ்வாப் பிரிவு’, ‘ஒவ்வாப் பட்டியல்’ என்று எழுதும்போது ஒற்று இட வேண்டும். ‘சென்சிட்டிவ் கேட்டகரி’ என்பதற்கு ‘ஒவ்வா வகை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

வந்துவிட்ட விளம்பரங்களைப் பார்வையிட்டு ஒதுக்கும் இடமான ‘ஆட் ரிவியூ சென்டர்’ என்பதற்கு மட்டும் எனக்கு முழு மனநிறைவு தரும் சொல் அமையவில்லை. ‘விளம்பரப் பார்வையிடம்’, ‘விளம்பரச் சரிபார்ப்பகம்’ என்று இரண்டைத் தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இரண்டில் எது ஏற்றது, அல்லது இவற்றினும் சிறந்தது உண்டா என்பதை இந்த இழையிலேயே தெரிவியுங்கள். மற்றச் சொற்களுக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடும், அச்சொல்லை ஆளும் ஒரு முழு வாக்கியத்தோடும் எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
இராமநாதபுரத்திலிருந்து