1947ஆம் ஆண்டு நெக்ராசவ் பிரதி முதல் பதிப்புதானா?

கேள்வி:
விக்தர் நெக்ராசவின் ‘ஸ்டாலின்கிராட் பதுங்குகுழிகளில்’ குறுநாவலின் 1947ஆம் ஆண்டு ரஷ்யப் பிரதி ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. தாள் பழுப்பேறி, புரட்டும்போதே ஓரம் உதிர்கிறது. தலைப்புப் பக்கத்தில் ஊதா மை முத்திரை ஒன்று பாதி அழிந்து தெரிகிறது. இதை முதல் பதிப்பு எனக் கொள்ளலாமா?

பதில் 1:
இப்படைப்பு 1946இல் ‘ஸ்னாமியா’ இதழில், ‘ஸ்டாலின்கிராட்’ என்ற தலைப்பில்தான் முதன்முதலில் அச்சேறியது. 1947இல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் இதை நூலாக்கியதால், ஆண்டை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. சோவியத் நூல்களில் அச்சுக்கோக்கக் கொடுத்த தேதி, அச்சிட ஒப்புதல் கையெழுத்தான தேதி, படிகளின் எண்ணிக்கை ஆகியவை பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒப்புதல் தேதியைப் பிற பதிப்புகளின் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் 2:
அந்த முத்திரையைத் துடைக்க முனைந்துவிடாதீர்கள். 1974இல் நெக்ராசவ் நாட்டைவிட்டு வெளியேறிய பின், அவருடைய நூல்கள் சோவியத் நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டன. அது நூலக முத்திரையாக இருந்தால், உங்களிடம் உள்ளது அந்த அகற்றலுக்குத் தப்பிய பிரதியாக இருக்கக்கூடும். முத்திரை விலையைக் குறைக்கும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். எனக்கோ மாசற்ற பிரதியைவிட இதுவே பெரிது.

கேள்வி கேட்டவர்:
கடைசிப் பக்கம் பத்திரமாக இருக்கிறது. உருப்பெருக்கியை வைத்துத் தேதியைப் படித்துவிட்டு எழுதுகிறேன். முத்திரையைத் தொட மாட்டேன்.