கிராணி மேசை பால்மரமாம்! லாரியில் ஏத்தினவங்க பதில் சொல்லட்டும்

கிராணி மகன்:
கெடா பாடாங் செராயில் நம்ம கோயில் ஆபீசைப் புதுப்பிக்கிறோம்னு பழைய மேசை, நாற்காலி, இரும்பு அலமாரி எல்லாத்தையும் பழைய சாமான் லாரிக்கு ஏத்தி விட்டாங்க. ஏன்னு கேட்டா, "எல்லாம் பால்மரப் (ரப்பர் மரப்) பலகை, பூச்சி அரிச்சது, போனா போகுது"ன்னு நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். அந்தப் பெரிய மேசை தோட்டத்து ஆபீஸ் மேசை. தோட்டம் கைமாறினப்போ கோயிலுக்கு வந்தது. தோட்டத்துக் கிராணியா, அதாவது கணக்கரா இருந்த எங்கப்பா செக்ரோல் (ஆள் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதினது அதுலதான். மைக்கூடு சாஞ்ச கறை வலது ஓரத்துல இன்னும் இருந்துச்சு. அது பர்மாத் தேக்கு. பால்மரம்னு எவன் சொன்னது?

செம்பனைக்காரன்:
சொன்னது நான்தான். நிர்வாகத்துல இருக்கேன், தூக்கி ஏத்தினதும் நான்தான். பின்பலகை பூரா ஊசி ஓட்டை. தட்டினா மாவு கொட்டுச்சு. தேக்குல மாவு கொட்டுமா? பால்மரம்தான்.

கிராணி மகன்:
தெரியாட்டி கேளுங்க. பால்மரத்துல மேசை நாற்காலி செய்யறது 1980கள்ல இருந்துதான் பெருகுச்சு. அதுக்கு முன்னாடி பால் வத்தின மரத்தை வெட்டினா விறகு. இல்ல, ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைவீட்டுக்கு எரிக்கப் போகும். வெட்டின கொஞ்ச நாள்லயே நீலம் பூத்துப் பூச்சி விழுந்துடும். போரான் மருந்து ஏத்தி, சூளையில காயவைக்கிற முறை பரவின பிறகுதான் ஜொகூர் மூவார் பக்கமெல்லாம் பால்மர மேசை குவிஞ்சுது. இந்த மேசை வெள்ளைக்காரத் துரை காலத்தது. 1957க்கு முன்னாடி எந்தத் துரை பால்மர மேசையில உட்கார்ந்தான்?

லூனாஸ் அக்கா:
தம்பி, அந்த மேசை லாச்சியை (இழுப்பறையை) நான் எத்தனையோ தடவை இழுத்திருக்கேன். ஆணியே இல்லாம பல்லுப் பல்லாக் கோத்திருப்பாங்க. பால்மரம் இல்லங்கறது சரி. ஆனா தேக்கும் இல்ல, செங்கால்ங்கற கெட்டிக் காட்டு மரம். நாலு ஆம்பளைங்க பிடிச்சாலும் அசையாது.

கிராணி மகன்:
அக்கா, செங்கால் திரங்கானுல படகு கட்டற மரம். இது தேக்கு. லாச்சியைத் திறந்தா எண்ணெய் வாசம் வருமே, நீங்க மோந்து பார்க்கலையா?

லூனாஸ் அக்கா:
நான் மோந்தது கற்பூர வாசம்தான். செங்கால்ல படகும் கட்டுவாங்க, வீடும் கட்டுவாங்க. உங்கப்பா சொன்னதெல்லாம் வேதவாக்கா?

செம்பனைக்காரன்:
ரெண்டு பேரும் மாவுக்குப் பதில் சொல்லல.

கிராணி மகன்:
பின்பலகை வேற மரமய்யா! முதுகுக்கும் அடிக்கும் மலிவுப் பலகை அடிக்கறது ஆசாரிங்க வழக்கம். மேல்பலகையைச் சுரண்டிப் பார்த்தீங்களா? பால்மரம்னா உள்ளே வெளிறிப் போயிருக்கும், தேக்குன்னா பொன் நிறம். பார்க்காமலே தீர்ப்பு எழுதிட்டீங்க.

பள்ளிக்கூடத்துத் தம்பி:
மரம் எதுவா வேணா இருக்கட்டும்ணே. இரும்பு அலமாரியைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்திருந்தா புத்தகம் வச்சிருப்போம். ஒரு வார்த்தை கேக்கலையே? இரும்பை நிறுத்துத்தானே வாங்குவாங்க, அந்தக் காசுக்கு ரசீது எங்கே?

செம்பனைக்காரன்:
ஐந்தடியில (வாசல் முன் நடைபாதையில) வச்சிருந்தோம், மழையில நனைஞ்சுது, ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. 672ஆம் சட்டம், அதான் திடக்கழிவுச் சட்டம், 2011ல இருந்து கெடாவில நடப்புல இருக்கு. குப்பை லாரி வாரத்துல ஒரு நாள் எடுக்கற பெரிய சாமான் வீட்டுச் சாமான். புதுப்பிக்கற வேலையில வர்றதுக்கு நாமதான் லாரி பிடிக்கணும். கொளுத்தினா 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் வரும். வேற என்ன செய்யச் சொல்றீங்க? பொங்கல் வைக்கவா?

பள்ளிக்கூடத்துத் தம்பி:
ரசீது கேட்டேன்.

கிராணி மகன்:
குப்பைச் சட்டத்தை யார் கேட்டா? தேக்கை எதுக்குக் கொளுத்தணும்? இப்ப வாங்கிப் போட்டிருக்கற புது மேசையைப் பாருங்க, தூள் பலகை. ஒரு தடவை தண்ணி கொட்டினா அப்பம் மாதிரி உப்பிடும். அதுலதான் நிஜமாவே பால்மரத் தூள் இருக்கும்!

செம்பனைக்காரன்:
உண்மையைச் சொல்லவா? போன நிர்வாகத் தேர்தல்ல உங்கண்ணன் தோத்ததுல இருந்து, நாங்க விளக்கு ஏத்தினாலும் உங்களுக்குக் குத்தம்தான்.

கிராணி மகன்:
எங்கண்ணனை இழுக்காதீங்க. அவர் இருந்தா அந்த மேசை வாசல் தாண்டியிருக்காது. தேக்கு மேசையைப் பால்மரம்னு சொல்லி வித்தது நீங்க.

லூனாஸ் அக்கா:
செங்கால்.

பள்ளிக்கூடத்துத் தம்பி:
கோயில் பழைய படத்துல மேசை தெரியும். யாராவது போடுங்களேன்.

கிராணி மகன்:
படம் எதுக்குத் தம்பி? லாரிக்காரர் நம்பரைப் போடச் சொல்லுங்க. நானே போய் மேல்பலகையைச் சீவிப் பார்த்துட்டு, காசு கொடுத்துத் திருப்பி எடுத்துட்டு வர்றேன்.

செம்பனைக்காரன்:
நம்பர் செயலாளர்கிட்ட இருக்கு. பால்மரத்துக்குப் போய் இவ்வளவு அலைச்சலா?

கிராணி மகன்:
தேக்குன்னு சொல்றேன். செயலாளரைக் கேட்டு நம்பரைப் போடுங்க.