மறு: மறு: ஏற்பி டீசென்சிடைசேஷன், தமிழ்ல என்ன போடலாம்? (வெள்ளிக்குள்ள வேணும்)

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் மாணவிகளுக்கு முதுமை பத்தின பாடம் மொழிபெயர்க்கிறேன். வயசானவங்க ரத்தத்துல நார்அட்ரினலின் (துடிப்பை ஏத்துற ஹார்மோன்) குறையறதில்ல, கூடத்தான் செய்யுது, ஆனா இதயச் செல்லுல இருக்கிற பீட்டா ஏற்பி (அந்த ஹார்மோன் வந்து ஒட்டுற புரதம்) முன்ன மாதிரி அதுக்கு அசைஞ்சு குடுக்காது, செல்லுக்குள்ள சேதியைக் கொண்டுபோற சைக்ளிக் ஏஎம்பி கம்மியா உருவாகுது, அதனால ஓடினாலும் துடிப்பு இளவயசு அளவுக்கு ஏறாது. இதுக்கு ஒரு சொல் வேணும். "உணர்திறன் நீக்கம்"னு போட்டா யாரோ வேணும்னே கழட்டி வச்ச மாதிரி இருக்கு.

---

அம்மா, மரப்பு என்று போடுங்கள். கால் மரத்துப்போச்சு என்கிறோமே, மரம்போல் ஆவது மரத்தல். மரித்தலுக்கும் அதே வேர்தான்.

---

> மரித்தலுக்கும் அதே வேர்தான்

ஐயா, மரித்தல் வடமொழி. அதை இங்க இழுக்காதீங்க.

---

டாக்டரா சொல்றேன், மரப்புன்னா நரம்பு விஷயமாயிடும். இங்க நடக்கிறது வேற. ஹார்மோன் ஓயாம வந்து ஒட்டிக்கிட்டே இருந்தா ஏற்பியோட உள்வால்ல பாஸ்பேட் ஏறும், அரெஸ்டின்ங்கிற புரதம் வந்து பிடிச்சுக்கும், சேதியை உள்ள கடத்துற ஜி புரதத்தோட தொடர்பு அறுந்துடும். ஏற்பி இருக்கும், சேதி உள்ள போகாது. பேசாம டீசென்சிடைசேஷன்னே எழுதுங்க, பரீட்சையில அதான் கேப்பாங்க.

---

நாங்கள் யாழ்ப்பாணத்தில ஏற்பி எண்டே சொல்றேல்ல, வாங்கி எண்டுதான் படிச்சனாங்கள். "வாங்கிச் சோர்வு" சரிவராதோ?

---

சோர்வுன்னா "பேஷண்ட் டயர்டா இருக்காங்க"ன்னு சார்ட்ல எழுதிடுவாங்க அண்ணா 🙂 காது மந்தம்ங்கிறோம்ல, குரல் குறையல, கேக்கிறது குறையுது. "ஏற்பி மந்தம்" போடலாமா?

---

மந்தம் ஓகே. +1

---

+1. எங்கட பக்கம் "வாங்கி மந்தம்" எண்டு அடைப்புக்குறிக்குள்ள போட்டுவிடுங்கோ.

---

மந்தமும் வடசொல்லே. மரித்தலை விரட்டியவர் இப்போது எங்கே போனார்? இன்னொன்று, உங்கள் மொழிபெயர்ப்பில் சைக்ளிக் ஏஎம்பியை (செகண்ட் மெசஞ்சர்) "இரண்டாம் தூதுவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹார்மோன் வேலை செய்யும் விதத்தைக் கண்டதற்காக 1971இல் சதர்லாண்ட் நோபல் வாங்கினார், சரி, அதற்காக மூலக்கூறுக்கு உயர்திணை விகுதியா? தூதுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்தார், அவர் சொன்னது ஆளை. இதை "இரண்டாம் தூது" என்று அஃறிணையில் நிறுத்துங்கள்.

---

ஐயா, தூது மாத்திட்டேன். மந்தம்னே அனுப்பிடறேன், நேரமில்ல.

---

என் ஓட்டு மரப்புக்கே. பதிவில் இருக்கட்டும்.