இலவச குளுக்கோமீட்டருக்குக் கையொப்பம் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி – பாம்பன், குழுக் கணக்காளர்

கடற்பாசி எடுக்கும் பெண்கள் இருபது பேர் கொண்ட மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். சென்ற வாரம் ஒரு தனியார் நிறுவனத்தார் வந்து, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் குளுக்கோமீட்டரும், ஓராண்டுக்குக் கைபேசி வழி மருத்துவ ஆலோசனையும் இலவசம் என்றும், அதற்குச் செயலியில் பதிந்து ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டும் என்றும் சொன்னார்கள். படிவம் முழுவதும் ஆங்கிலம். என் மகள் படித்துப் பார்த்ததில், நோய் விவரத்தையும் கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் ‘வணிகக் கூட்டாளிகளுடன்’ பகிரலாம் என்று ஒரு வரி இருந்தது. பாறையில் காலைக் கிழித்துக்கொண்டு புண் ஆறாமல் தவிப்பவர்கள் எங்களில் உண்டு. ஆகவே கருவி வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. காசு வாங்காத நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

பதில் – தொண்டி, மருந்தாளுநர்

வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகின் மீன் யாருக்குப் போகும், விலையை யார் சொல்வார் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே கருவிதான் முன்பணம். கருவி ஒரு முறை வருவது, இரத்தத் துளியை வைத்துச் சோதிக்கும் ஸ்ட்ரிப் மாதந்தோறும் வாங்க வேண்டியது என்பதால் அதிலேயே ஒரு வருமானம் உண்டு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். யாருக்கு என்ன நோய் என்ற பட்டியல் மருந்து விற்பவருக்கும் விளம்பரதாரருக்கும் கைமாறுவதுதான் என்னை உறுத்துகிறது. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற மனநல ஆலோசனைத் தளம், இரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டுப் பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் முதலியவற்றுக்குக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில், 2023இல் 78 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த நம் ஊர்களில், கல்யாணம் பேசும் வயதில் உள்ள ஒரு பெண்ணின் நோய் விவரம் வெளியே போனால் எந்தப் பணமும் அதை ஈடுகட்டாது.

பதில் – கீழக்கரை, வழக்கறிஞர்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவிலேயே உங்கள் கேள்விக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு இருக்கிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று தொடர்பு எண்களையும் கேட்டு, பயனர் சம்மதித்திருந்தாலும், மருத்துவ ஆலோசனைக்கு அவை தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் மருத்துவத் தேவையோடு நின்றுவிடும். அறிவிப்பைத் தமிழில் பெறவும், கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் அது உரிமை தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் இருக்கிறது. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இன்றே கையொப்பமிடாதீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள், அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

பதில் – தேவிபட்டினம், கூட்டுறவுச் சங்க ஊழியர்

வேறு வழியும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 2015இல் தொடங்கிய மிடாட்டா ஒரு கூட்டுறவு அமைப்பு; தம் உடல்நலத் தரவை எந்த ஆய்வுக்குத் தருவது என்பதை அதில் கணக்கு வைத்திருப்பவரே முடிவு செய்கிறார். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதல்ல. இருபது பேரும் தனித்தனியே அல்லாமல், குழுவாகவே பேசுங்கள்.

கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் நன்றி. இன்று குழுவில் இதைப் படித்துக் காட்டினேன். தமிழ்ப் படிவம் வரும்வரை யாரும் கையொப்பமிடுவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியாயிற்று. அந்த வரியை நீக்க முடியுமா என்று நிறுவனத்தாரிடம் கேட்டதற்கு, தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மறுத்தால், குழுவின் சேமிப்பிலிருந்து பொதுவாக இரண்டு கருவிகள் வாங்குவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.